ஒயிட்டு நல்லா இருக்காரு

தென்காசியில் வல்லிநாயகம் வீடு எது என்று கேட்டால், எந்த வல்லிநாயகம் என்று திருப்பிக் கேட்பார்கள். பேப்பர்கார வல்லிநாயகம் என்று சொன்னால் போதும், மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே இருந்த பெட்டிக்கடைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். காலையில் திருநெல்வேலியிலிருந்து வரும் பாசஞ்சரில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கும். அதைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக் கடைக்குக் கொண்டுவந்து, அன்றைய வால்போஸ்டரைத் தட்டியில் ஒட்டிவிட்டுத்தான் மனிதர் காப்பி குடிப்பார். பிறகு தெருத்தெருவாகப் பேப்பர் போடவேண்டும். அதற்கு ஆள் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டால் அவன் பேப்பரை மடித்துத் திண்ணையில் எறிவானாம், அது இவருக்குப் பிடிக்காதாம். இவர் சைக்கிளை விட்டு இறங்கி, கையில் கொடுத்து, முக்கியமான செய்தியை ஒரு வரியில் சொல்லிவிட்டுத்தான் நகருவார்.

அந்த ஒரு வரி பெரும்பாலும் ராக்கெட்டைப் பற்றியதாக இருக்கும். முதல் அமெரிக்கன் மேலே போய் வந்த நாளிலிருந்து பிடித்த கிறுக்கு அது. எட்டாம் வகுப்போடு நின்ற மனிதர், ஆனால் எந்த ராக்கெட் எத்தனை சுற்று சுற்றியது, எந்தக் கடலில் வந்து விழுந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ரஷ்யாக்காரன்தானே முதலில் போனான் என்று யாராவது வம்புக்கு இழுத்தால் பொத்துக்கொண்டு வரும்.

"ரஷ்யாக்காரன் போய்ட்டு வந்த பொறவுதாம்வே சொல்லுதான். அமெரிக்காக்காரன் கிளம்புததுக்கு முன்னாலயே சொல்லிப்புடுதான். விழுந்தாலும் ஊரறிய விழுதான். அவன்ட்ட மூடுமந்திரமே கிடையாது" என்பார்.

"அதெல்லாம் இருக்கட்டும் வே, ரேசன்ல அரிசி எப்பம் போடுவான்? அதைப் போட்டிருக்கானா பேப்பர்ல?" என்று கேட்டு ஊர் சிரிக்கும். அவரும் சேர்ந்துதான் சிரிப்பார். சிரித்துவிட்டு, ராக்கெட் செய்தியைக் கத்தரித்து ஒரு பழைய பஞ்சாங்கத்துக்குள் சொருகி வைத்துக்கொள்வார்.

பிடிவாதமும் உண்டு. வீரகேரளம்புதூரில் இருந்த அப்பா நல்லக்கண்ணு, நிலத்தைப் பார்க்காமல் காகிதம் விற்கப் போய்விட்டான் என்று மகனோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர். பேசாமலே செத்தும் போனார். வல்லிநாயகம் போய்க் கொள்ளி வைத்தார், மறுநாளே திரும்பி வந்து கடையைத் திறந்தார். அதன்பிறகு அப்பாவுக்குத் திதியும் கிடையாது, அமாவாசைத் தண்ணீரும் கிடையாது. மனைவி வடிவம்மாள் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

வடிவம்மாள் இலத்தூர்க்காரி. எழுத்து வாசனை கிடையாது. பேப்பர்காரன் பெண்டாட்டிக்குப் படிக்கத் தெரியாது என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஒரு கேலி, அவளுக்கும்தான். அவளுக்கு முதலில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் ஆறு மாதம் தாண்டவில்லை. மூன்றாவது, அறுபத்தைந்தாம் வருஷம் ஜூன் மாதம், சாரல் தொடங்கிய வாரத்தில் பிறந்தது. கழுத்தில் கொடி இரண்டு சுற்றுச் சுற்றி, உடம்பெல்லாம் நீலம் பாரித்து, சத்தம் இல்லாமல் வந்து விழுந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த நர்ஸ் ரெபேக்காள்தான் பிரசவம் பார்த்தாள். கொடியை அறுத்து, பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கி, முதுகில் இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடிக்கு அது அழுதது. வெளியே நின்ற வல்லிநாயகமும் அழுதார்.

மாலை சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். அதற்காகச் செங்கோட்டையில் போலீஸ் கான்ஸ்டபிளாக இருந்த வடிவம்மாளின் தம்பி சொரிமுத்துவை வரவழைத்தார்கள். மாமன்காரன் கிண்ணத்து நல்லெண்ணெயில் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, தோஷம் கழித்த பிறகுதான் நேரே பார்த்தான். சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்துவிட்டது என்று அன்று முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தான்.

அந்த வாரத்தில்தான் அமெரிக்காவில் ஒயிட் என்பவர் ராக்கெட்டின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து ஆகாயத்தில் மிதந்திருந்தார். பிள்ளைக்குப் பெயர் வைக்கிற பதினாறாம் நாளுக்குள் படம் பேப்பரில் வந்துவிட்டது. வல்லிநாயகம் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தரத்தில் ஒரு மனிதன், அவன் வயிற்றிலிருந்து வளைந்து வளைந்து போகிற ஒரு கொடி, கொடியின் வழியாக மூச்சுக்காற்று. கொடியோடு போய்க் கொடியோடு பத்திரமாகத் திரும்பி வந்தவர். அன்றைக்குப் பேப்பர் போட அவர் ஒரு மணி நேரம் தாமதம்.

பெயர் வைக்கிற அன்று, ஆண்பிள்ளைக்குத் தாத்தா பெயர்தான் என்று எல்லோரும் நல்லக்கண்ணுவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தபோது, வல்லிநாயகம் பிள்ளையின் காதில் 'ஒயிட்டு' என்று மூன்று முறை சொன்னார். வீடே கொல்லென்று சிரித்தது. பிள்ளை நல்ல கருப்பு. சொரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை.

"அத்தான், வெள்ளைக்காரம் பேரு வைக்கதுகூடப் பரவால்ல. உசுரோட இருக்கவம் பேர வைக்காதீங்க. செத்தவரு பேர வச்சா அவரு இனிமே சாவ மாட்டாரு. இவன் நாளைக்கு எங்க போயி விழுவான்னு யாருக்குத் தெரியும்?"

"ஒம் போலீஸ் புத்தியக் கழத்திச் செங்கோட்டையில வச்சிட்டு வா மாப்ள" என்று சொல்லி அவன் வாயை அடைத்துவிட்டார் வல்லிநாயகம்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. மூன்றாம் மாதத்தில் பிள்ளைக்குக் காய்ச்சலில் ஜன்னி கண்டது. கண் சொருகி, கை கால் வெட்டி இழுத்தது. முந்தின இரண்டும் இப்படித்தான் போயின. வடிவம்மாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அழக்கூடத் தெரியாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளை எப்படியாவது பேசவைக்கவேண்டும் என்று வல்லிநாயகம் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"ஏட்டி வடிவு, இங்க பாரு. அந்த ஒயிட்டு நல்லா இருக்காரு. இன்னைக்குப் பேப்பர்லகூடப் போட்டிருக்கான். அவரு அங்கன நல்லா இருக்க வரைக்கும் இவனுக்கு இங்கன ஒண்ணும் ஆவாது. ரெண்டுபேரும் ஒரே கொடிடீ."

பிள்ளை பிழைத்துக்கொண்டது. வடிவம்மாள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். பேப்பரில் வந்த படத்தை வெட்டி வாங்கிச் சாமி மாடத்தில் முப்பிடாதி அம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அதிலிருந்து தினமும் மத்தியானம் அவர் சாப்பிட வரும்போது, இலை போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விதான். "ஒயிட்டு எப்படி இருக்காரு?"

அமெரிக்காக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. முதலில் எட்டு நாள் மேலேயே சுற்றினார்கள், பிறகு பதினாலு நாள். ஒரு ராக்கெட்டும் இன்னொரு ராக்கெட்டும் அந்தரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. ஒருமுறை இரண்டைச் சேர்த்துப் பூட்டப்போய்க் கூண்டு கிறுகிறுவென்று சுழன்று, தப்பித்தோம் பிழைத்தோம் என்று இறங்கி வந்தார்கள். வல்லிநாயகம் எல்லாவற்றையும் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். வடிவம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதுல நம்மாளு இல்லலா?" என்பாள். இல்லை என்றதும் ரசம் ஊற்றுவாள். அறுபத்தாறு மார்ச்சில், சந்திரனுக்குப் போகப்போகிற அப்போலோ வரிசையில் முதல் கூண்டில் ஏறும் மூவரில் ஒயிட்டும் ஒருவர் என்று செய்தி வந்தது. அன்று தெரு முழுக்கச் சுண்டல். அதற்குப் பிறகு அவள் வெள்ளிக்கிழமைதோறும் விளக்கில் ஒரு திரி கூடுதலாகப் போட்டாள்.

அறுபத்தேழாம் வருஷம் தை மாதம் பிள்ளைக்கு அம்மை வார்த்தது. ஒன்றரை வயது தாண்டிய பிள்ளை, உடம்பில் ஊசி குத்த இடமில்லை. வாசலில் வேப்பிலை, வீட்டில் தாளிப்பு இல்லை, வடிவம்மாள் படி இறங்குவதில்லை. ஐந்தாம் நாள் சனிக்கிழமை. அன்று காலையிலிருந்து பிள்ளை தண்ணீரும் இறங்காமல், கண்ணைத் திறக்காமல் கிடந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்குக் கிளம்பிய வல்லிநாயகம், பக்கத்து ஓட்டல் ரேடியோவில் செய்தி போய்க்கொண்டிருந்ததால் ஒரு நிமிஷம் நின்றார்.

அமெரிக்காவில் தரையில் நின்ற ராக்கெட்டின் கூண்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது தீப்பிடித்து மூவரும் உள்ளேயே இறந்துவிட்டார்கள். மூன்றாவது பெயரைக் கேட்கவேண்டிய தேவைகூட அவருக்கு இல்லை. இரண்டாவதிலேயே வந்துவிட்டது.

வானத்தில் கதவைத் திறந்துகொண்டு நடந்துவிட்டு வந்த மனிதர், தரையில் கதவைத் திறக்கமுடியாமல் செத்துப்போனார். ஓட்டல் வாசலில் நின்றவர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

வீட்டுக்குள் நுழைந்தபோது வடிவம்மாள் பிள்ளையின் மேல் வேப்பிலைக் கொத்தால் வீசிக்கொண்டிருந்தாள். அன்று இலை போடவில்லை. தலையைத் தூக்காமல் கேட்டாள்: "ஒயிட்டு எப்படி இருக்காரு?"

ஒரு கணம்தான். அவர் பிள்ளையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நல்லா இருக்காரு. கூண்டுக்குள்ள ஏறி உக்காந்து ஒத்திகை பாத்தாங்களாம். எல்லாம் சரியா இருந்துதாம்."

"அப்பம் சரி" என்றாள்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிள்ளையின் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வடிவம்மாள் எழுந்து விளக்கை ஏற்றி, மாடத்தின் முன்னால் போய் நின்றாள். "நீங்க செத்த நேரம் வெளிய இருங்க" என்று அவரை அனுப்பிவிட்டாள். வாசல் வேப்பிலைக்கு அந்தப்புறம் நின்ற அவருக்கு, அவள் தலையில் அடித்துக்கொண்டு ஏதோ கேட்பது மட்டும் தெரிந்தது. என்ன கேட்டாள் என்று காதில் விழவில்லை.

மறுநாள் காலையில் பாசஞ்சர் வந்தது. கட்டைப் பிரித்தார். போஸ்டரில் எழுத்து ஒவ்வொன்றும் முழ நீளம். உள்ளே முதல் பக்கத்தில் அந்த முகம், மாடத்தில் இருக்கிற அதே முகம். இந்திய நேரப்படி சனிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு என்று தெளிவாகப் போட்டிருந்தான். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக வல்லிநாயகம் போஸ்டரை ஒட்டவில்லை. சுருட்டிக் கடைக்குள் வைத்தார். ஊர் முழுக்கப் பேப்பர் போட்டவர் தன் தெருவில் மட்டும் ஏழு வீட்டுக்கும் கட்டு குறைந்து வந்துவிட்டது என்று சொல்லி, அந்த ஏழையும் கடைக்குப் பின்னால் வைத்துக் கொளுத்தினார். போன இடமெல்லாம், "எம் பெண்டாட்டி காதுக்கு மட்டும் போயிரக் கூடாது, ஒங்களக் கும்பிட்டுக் கேட்டுக்கிடுதேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்த ஊருக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அம்மை வார்த்த வீட்டு விஷயம் என்பதால் எல்லோரும் தலையாட்டினார்கள்.

மத்தியானம் செங்கோட்டையிலிருந்து சொரிமுத்து இளநீர்க் குலையோடு வந்து இறங்கினான். வல்லிநாயகமே ரயில் ஸ்டேஷனுக்குப் போய்க் காத்திருந்து மறித்தார்.

"நான் அன்னைக்கே சொன்னம்லா அத்தான்."

"சொன்ன மாப்ள. இப்பம் சொல்லாத. அது ஒண்ணுதான் ஒன்ட்ட கேக்கேன்."

சொரிமுத்து மீசையைத் தடவிக்கொண்டான். "போலீஸ்காரனையே பொய் சொல்ல வைக்கீங்க" என்றான். ஆனால் சொல்லவில்லை.

பிள்ளை பிழைத்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டது. மூன்று தண்ணீரும் விட்டு முடிந்தபோது வடிவம்மாள் பாதியாக இருந்தாள். பிள்ளை தேறியதும் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று வல்லிநாயகம் நினைத்திருந்தார். ஆனால் அவள் மறுபடி சோறு வடித்து இலை போட்ட முதல் நாள், "ஒயிட்டு எப்படி இருக்காரு?" என்று கேட்டபோது அவள் முகம் இருந்த இருப்பைப் பார்த்து மனசை மாற்றிக்கொண்டார். நல்லா இருக்காரு என்றார். நாளைக்குச் சொல்லலாம். பங்குனி போகட்டும். பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்பட்டும். இப்படியே இரண்டரை வருஷம் ஓடிவிட்டது.

பொய் சொல்லிப் பழகாத மனிதர் பொய் சொன்னால் அது ஆளைத் தின்றுவிடும். அவர் ஊரில் யார் தன் வீட்டுப் பக்கம் போனாலும் பின்னாலேயே போனார். பொட்டலம் கட்டிய காகிதம் வீட்டுக்குள் வந்தால் பிரித்துப் பார்த்தார். தீ விபத்துக்குப் பிறகு ஒன்றே முக்கால் வருஷம் அமெரிக்காவில் ஒருவரும் மேலே போகவில்லை. அந்த நாட்களில் ஒயிட்டுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள் என்றார். பிறகு மறுபடி ஏற ஆரம்பித்தார்கள். "நம்மாளு போவலியா?" என்றாள். "அவரு இப்பம் பெரிய வாத்தியார்லா. கீழ இருந்து மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்காரு" என்றார். அறுபத்தெட்டு டிசம்பரில் மூன்று பேர் சந்திரனைச் சுற்றிவிட்டு வந்தபோது, அவர்களைப் பத்திரமாக இறக்கியதே ஒயிட்டுதான் என்று ஒரே போடாகப் போட்டார். வடிவம்மாள் எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். சில நாள் சொன்னதையே மறுபடி சொல்லச் சொன்னாள். நிஜமாக நடப்பதை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, நடக்காததைப் பெண்டாட்டிக்குச் சொல்கிற பிழைப்பாகிவிட்டது. ராக்கெட் செய்தி வந்தால் இப்போது வேகமாகப் பக்கத்தைப் புரட்டினார். பஞ்சாங்கத்துக்குள் சொருகுவதையும் நிறுத்திவிட்டார்.

அறுபத்தொன்பது ஜூலை. குற்றாலத்தில் சீசன் கூட்டம், தென்காசி பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமில்லை. இருபத்தோராம் தேதி காலையில் ஓட்டல் ரேடியோவைச் சுற்றித் தெருவே அடைத்துக்கொண்டு நின்றது. சந்திரனில் மனிதன் கால் வைத்துவிட்டான் என்று கேட்டதும், ராக்கெட்டுக்காரர் என்று கூப்பிட்டு வல்லிநாயகத்தின் வாயில் சர்க்கரையைப் போட்டார்கள். அவர் வாழ்நாளில் காத்திருந்த நாள் அது. சர்க்கரை கசந்தது.

அடுத்த நான்கு நாளும் வடிவம்மாள் ஒயிட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்த மூணுபேரும் எறங்கிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள். கடலில் பத்திரமாக விழுந்து கப்பலில் ஏறிவிட்டார்கள் என்று அவர் சொன்னதும், சோற்றுப் பானையின் முன்னால் உட்கார்ந்து அடக்கமாட்டாமல் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வார ஆடி அமாவாசைக்குக் குத்தாலம் போவோம். ஒங்க அப்பாவுக்குத் தண்ணி இறைக்கணும். இந்த வருசம் மாட்டேன்னு சொல்லப்பிடாது" என்றாள். அவளிடம் எதையும் மறுக்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று தோன்றியதால் அவர் சரி என்றார்.

ஆடி அமாவாசையன்று அருவியில் தண்ணீர் ஆர்ப்பரித்து விழுந்தது. கீழே ஆற்றங்கரைப் படிகளில் புரோகிதர்கள் வரிசையாகக் குடை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். வல்லிநாயகம் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு அப்பா நல்லக்கண்ணுவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். வந்த வேலை முடிந்தது என்று எழுந்தபோது வடிவம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். நான்கு வயதுப் பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இன்னொருத்தருக்கும் இறைக்கணும்."

"யாருக்கு?"

"ஒயிட்டுக்கு."

வல்லிநாயகம் பதறிப்போய்ப் பிள்ளையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஏட்டி, என்ன பேச்சுப் பேசுத?"

"இவனுக்கில்ல. அவருக்கு."

அருவிச் சத்தத்தில் அவர் காதில் விழுந்தது சரிதானா என்று அவருக்குச் சந்தேகம். அவள் அவரைக் கையைப் பிடித்துச் சற்றுத் தள்ளி, சாரல் அடிக்காத பாறை ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"எனக்குத் தெரியும். அம்மைக்கு மொதத் தண்ணி ஊத்துன அன்னைக்கே தெரியும். மஞ்சள் வாங்குன பொட்டலத்துல அவரு மூஞ்சி இருந்துது. நர்ஸ் ரெபேக்கா அக்காளக் கூப்பிட்டு, கிழிஞ்சது போக மிச்சத்த வாசிக்கச் சொன்னேன். வாய் தொறக்கப்பிடாதுன்னு அவங்கட்ட சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

"பின்ன ஏன் வடிவு தெனமும் எங்கிட்ட கேட்ட?"

"நீங்க நல்லா இருக்காருன்னு சொல்லுவீங்கல்லா, அந்த நேரம் மட்டும் அவரு உசுரோட இருக்காப்புல இருக்கும். அதுக்குத்தான்." அவள் பிள்ளையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அவரக் கொன்னது நாந்தான்."

வல்லிநாயகத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"அன்னைக்குச் சனிக்கெழம, வெளக்கு வச்ச நேரம், பிள்ளைக்கு மூச்சு இழுத்துது பாருங்க. தாயே, ஒனக்கு ஒரு உசுரு வேணும்னா இவன விட்டுரு, அந்த ஒயிட்டு நல்லாத்தான இருக்காரு, அவர எடுத்துக்கோன்னு கேட்டேன். அவருக்கும் பொண்டாட்டி இருப்பா, பிள்ளைங்க இருக்கும்னு தெரிஞ்சேதான் கேட்டேன். மறுநாப் பேப்பர்ல அவரு செத்துட்டாரு. இவன் கண்ணு முழிச்சுட்டான். இப்ப மூணுபேரு போயிட்டு நல்லபடியா வந்துட்டாங்க. நான் கேக்காம இருந்திருந்தா அவருந்தான போயிட்டு வந்திருப்பாரு?"

இரண்டரை வருஷமாக அவள் நெஞ்சில் இதைச் சுமந்துகொண்டுதான் தனக்கு இலை போட்டிருக்கிறாள் என்று நினைத்தபோது வல்லிநாயகத்துக்குத் தாங்கவில்லை. ஆனால் அடுத்த நொடியே மனிதருக்குப் புத்தி பளிச்சென்று வேலை செய்தது. செய்தியில் நேரம் போட்டிருந்ததே!

"ஏட்டி, இல்லடீ! நல்லாக் கேளு. நீ கேட்டது சனிக்கெழம சாயங்காலம். அவரு செத்தது சனிக்கெழம விடியக்காலம் அஞ்சு மணி. நீ கேக்குததுக்கு முன்னாலயே முடிஞ்சு போச்சு. ஒனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பேப்பர்ல போட்டிருந்தான், நானே ரெண்டு கண்ணால வாசிச்சேன்!"

அவர் குரல் சந்தோஷத்தில் உடைந்தது.

"அன்னைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்து, நல்லா இருக்காருன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது பொய்யி வடிவு. ரேடியோல கேட்டுட்டுத்தான் வந்தேன். ஒனக்குத் தெரியப்பிடாதுன்னு பொய் சொன்னேன்."

சொல்லிவிட்டுத்தான் அவருக்கு உறைத்தது. அன்று மத்தியானம் உள்ளதைச் சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், பயந்திருப்பாள், ஆனால் செத்துப்போனவரை எடுத்துக்கொள் என்று எந்த அம்மனிடமும் கேட்டிருக்கமாட்டாள். உயிரோடு இருக்கிறார் என்று சொல்லி, கேட்கவைத்ததே அவர்தான்.

வடிவம்மாள் அவர் நெற்றியில் வழிந்த தண்ணீரை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"எனக்காவ எம்புட்டுப் பொய்தான் சொல்லுவீங்க?" என்றாள். அவள் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. "போதும். வாங்க, அவருக்குத் தண்ணி இறைங்க."

அவர் சத்தியம் செய்தார். பிள்ளையின் தலையில் கையை வைக்கப்போனார், அவள் தடுத்துவிட்டாள். அந்தப் பேப்பரைக் காட்டலாம் என்றால் தன் கையாலேயே கொளுத்தியாயிற்று. இருந்திருந்தாலும் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டுகிறவர் அவர்தான்.

திரும்பிப் போய்ப் படியில் உட்கார்ந்தார்கள். புரோகிதருக்கு அமாவாசைக் கூட்டத்தில் நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. "பேரு?" என்றார்.

"எட்வர்டு ஒயிட்டு."

இப்போது நிமிர்ந்து பார்த்தார். "வேதக்காரங்களா? கிறிஸ்தவங்களா?"

"ஆமா சாமி."

"என்ன உறவு?"

"வேண்டப்பட்டவரு."

"சரிதான். என்னைக்குத் தவறினாரு?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னால, தை மாசம்" என்றார் வல்லிநாயகம். பிறகு வடிவம்மாளைத் திரும்பிப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: "சனிக்கெழம. விடியக்காலம். அஞ்சு மணி."

வடிவம்மாள் குனிந்து, புரோகிதருக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகத் திருத்தினாள்.

"விடியக்காலம் இல்ல சாமி. வெளக்கு வச்ச பொறவு."

எதை எடுத்துக்கொள்வது என்று புரோகிதர் வல்லிநாயகத்தின் முகத்தைப் பார்த்தார். வல்லிநாயகம் எள் ஒட்டியிருந்த கையை நீட்டினார். வடிவம்மாள் செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினாள்.